பதினைந்து தும்மல்

ரஃப்ஸன்ஜான்
மெஹர் 4

ஃபர்ஷீத் ஜானுக்கு அக்கா தூரானின் ஸலாம்.

நலமா என்று கேட்கப்போவதில்லை. உன்னைக் கொண்டுபோய் விட்ட அன்று நீ இருந்த கோலத்தைப் பார்த்தவள் நான். இங்கே நானும் அப்பாவும் நலம்.

கைபேசி கூடாது, ஆறு மாதமும் வியாழக்கிழமைக் கடிதம் மட்டும்தான் என்று உங்கள் மறுவாழ்வு இல்லத்தை நடத்தும் ஆகா ஜலீல் சொன்னபோது உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான். போனில் 'அக்கா, என் உயிரே, இந்த ஒரு தடவை மட்டும்' என்று நீ ஆரம்பித்தால் நான் உருகிவிடுவேன். எழுத்தில் உனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உனக்கு டிக்டேஷன் போட்டவளே நான்தானே.

லாரிச் சாவியைப் பிடுங்கியது, சித்தப்பா மகன்களை வைத்து உன்னைக் காரில் ஏற்றியது எல்லாம் என் வேலைதான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அப்பாவை விட்டுவிடு.

வாசலில் ஜலீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தூரான் கானும், இவன் திரும்பி வர்ற வீட்டுல கணப்புச் சட்டி இருக்கக் கூடாது. ஒரு பொட்டு அபின் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா இந்த ஆறு மாசமும் ஆத்துல கரைச்ச புளிதான்" என்றார். மறுநாளே அப்பாவின் கணப்புச் சட்டி, குழாய், இடுக்கி எல்லாவற்றையும் மூட்டை கட்டி மாடி அறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு சரியாகிவிட்டார். இதைப் பற்றி இனி நீ கவலைப்படவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

பிஸ்தா அறுவடை முடிந்துவிட்டது. பச்சைப் பிஸ்தா ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அறையில் இருப்பவர்களுக்கும் கொடு. சாப்பிடும்போதெல்லாம் உன் இடம் காலியாக இருக்கிறது.

உனக்காக உயிரையும் கொடுக்கும்
அக்கா தூரான்


யஸ்துக்கு வெளியே, இல்லம்
மெஹர் 15

அக்காவுக்கு ஃபர்ஷீதின் ஸலாம். உன் கைக்கும் அப்பாவின் கைக்கும் முத்தம்.

பிஸ்தா வந்த பத்து நிமிடத்தில் பை காலி. பிழைகள் இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பு.

முதல் வாரம் நீ என் கண்ணில் பட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. இப்போது கோபம் பாதிதான் இருக்கிறது. மீதியைக் குளிர்கால யால்தா பண்டிகைக்குள் தீர்த்துவிடுவதாக ஜலீலிடம் சொல்லியிருக்கிறேன்.

போதை உடம்பை விட்டுப் போவது எப்படியென்று உனக்குச் சொல்கிறேன், நீதான் எதையும் ஒழுங்காகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் ஆயிற்றே. முதலில் கொட்டாவி. தாடை கழன்று மடியில் விழுந்துவிடும் போலிருக்கும். பிறகு தும்மல். ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. ஒருவன் ஆரம்பித்தால் அறையில் மற்ற ஏழு பேரும் உரக்க எண்ணுவோம். என்னுடையது பதினொன்று. ஸபூர் என்று ஒரு பலூச்சிக்காரர், பதினாறு போட்டார், கை தட்டினோம். அழாமலே கண்ணீர் வழியும். போர்வைக்குள் கிடந்தாலும் மயிர்க்கூச்செடுக்கும். மூன்றாம் நாள் கால்கள். எலும்புக்குள்ளே எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. நான் சுவரை உதைத்துக்கொண்டே கிடந்தேன். ஜலீல் வெந்நீர் வாளியில் என் காலை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மனிதர் பதினொரு வருடமாகச் சுத்தமாக இருக்கிறவர். "சளி, காய்ச்சல்னு ஊரை ஏமாத்தலாம். கால் ஏமாத்தாது, தம்பி" என்றார்.

அதனால்தான் நீ வேண்டாமென்றாலும் கேட்கிறேன். அப்பா எப்படித் தாங்கினார்? நாற்பது வருடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கணப்பு முன்னால் உட்கார்ந்த மனிதர். பக்கவாதம் வந்த உடம்பு. முப்பத்துநாலு வயதில் நானே செத்துப் பிழைத்தேன். நீயோ 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய்.

உன் தம்பி
ஃபர்ஷீத்


ரஃப்ஸன்ஜான்
மெஹர் 29

ஃபர்ஷீத் ஜான், ஸலாம். உன் உடம்பு தேறி வருவது தெரிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பன்னிரண்டு பிழைகள். 'கொட்டாவி'யைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியவில்லை, அத்தனை கொட்டாவி விட்டிருக்கிறாய்.

அப்பா நன்றாக இருக்கிறார். அவருக்கு மனஉறுதி உண்டு. நீயும் அவரும் ஒன்றா? பக்கவாதம் வரும் வரை அவர் ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை, ஒருவர் முன்னால் தலை குனிந்ததில்லை. அவர் செய்ததை இந்த ஊரில் யாரும் போதை என்று சொன்னதும் இல்லை. சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் டாக்டர்களே கண்டும் காணாமல் விடுகிறார்கள். நீ அபின் போதாதென்று லாரியில் 'கண்ணாடி' என்கிற போதைத் தூளையும் புகைத்துக்கொண்டு மூன்று நாள் தூங்காமல் ஓட்டியதும் அதுவும் ஒன்றாகிவிடாது. இந்தப் பேச்சை இத்துடன் விடு.

நீ எங்கே என்று தெருவே கேட்கிறது. பந்தர் அப்பாஸுக்கு நீண்ட சவாரி போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்றுக்கூட அடுத்த வீட்டு அம்மாள் ஸுக்ரா கானும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன டீச்சர், உங்க தம்பி துறைமுகத்தையே ஏத்திக்கிட்டு வரப்போறானா?" என்று கேட்டாள். "ஆமா, உங்களுக்கு ஒரு கப்பல் கேட்டிருக்கேன், வந்ததும் தர்றேன்" என்றேன். நாற்பத்தாறு வயது வரை ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவள், உனக்காகப் பொய் சொல்லி நிற்கிறேன். இதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

எனக்கு ஒன்றுமில்லை. பள்ளியில் பதினோரு மணியானால் ஒரு தலைவலி வருகிறது, அவ்வளவுதான். இரண்டாம் வகுப்புச் சத்தம் அப்படி. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் பணிவிடை செய்து முடிப்பதற்குள் போய்விடுகிறது. பள்ளி இல்லாத வெள்ளிக்கிழமைகளில் வருவதே இல்லை.

நன்றாகச் சாப்பிடு. உன்னை நினைக்காத நாளில்லை.
தூரான்


இல்லம்
ஆபான் 20

அக்கா, ஸலாம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தலைவலிக்குக் கண்ணைக் காட்டு, கண்ணாடி போடும் வயதுதான் உனக்கு.

இங்கே, வாழ்க்கையில் செய்த தவறுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் நோட்டு தடிமனாகிக்கொண்டே போகிறது. அதில் ஒரு பக்கம் உன்னுடையது.

எனக்குப் பதினாறு வயது. தாத்தா இறந்த ஏழாம் நாள். பின்கட்டில் ஆண்களுக்குக் கணப்புகள் வைத்திருந்தார்கள். துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதைக் கொடுக்காவிட்டால் குடும்பத்துக்கே மானக்கேடு என்பார் அப்பா. கரி எடுத்துப் போய்க் கொடுத்தது நான். எல்லாரும் போன பிறகு அப்பாவின் குழாயை எடுத்து, உன் கொண்டை ஊசியால் உள்ளே ஒட்டியிருந்த கசடைச் சுரண்டி ஒரு காகிதத்தில் சேர்த்தேன். நீ வந்து பார்த்துவிட்டாய். நீ விட்ட அறையில் இரண்டு நாள் என் இடது காது ஙொய்யென்று கத்திக்கொண்டிருந்தது. "பிச்சைக்காரன்கூட இதைச் செய்யமாட்டான்டா" என்றாய். அந்த வார்த்தை அறையைவிட வலித்தது. ஆனால் ஊசியைப் பிடுங்கிக் கழுவி மறுபடி தலையில் குத்திக்கொண்டு போய்விட்டாயே தவிர, அப்பாவிடம் நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் என்ன செய்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன்.

யால்தாவுக்குக் குடும்பத்தார் வரலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் நூறு நாள் தாண்டியிருப்பேன். அப்பாவை அழைத்துக்கொண்டு வா. மாதுளை நான் உரித்துத் தருகிறேன். அவர் பக்கத்தில் புகை இல்லாமல் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க ஆசை.

உன் கையில் முத்தம்.
ஃபர்ஷீத்


ரஃப்ஸன்ஜான்
ஆஸர் 8

ஃபர்ஷீத் ஜான், ஸலாம்.

யால்தாவுக்கு வர முடியாது போலிருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அவ்வளவு தூரம் காரில் உட்கார முடியாது. கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளமாக இருக்கும், மடித்துக்கொள்.

அப்பா உன்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன்.
தூரான்


இல்லம்
தேய் 2

அக்கா, ஸலாம். அப்பாவின் சளி எப்படி இருக்கிறது?

வர முடியாது என்று நீ எழுதியிருந்தும், யால்தா அன்று மத்தியானத்திலிருந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸபூருக்கு அவர் மனைவியும் நாலு பிள்ளைகளும் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தர்பூசணி விதையை என் மேல் துப்பி விளையாடின. கடைசியில் ஜலீல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதுளையை உடைத்துப் பாதியைத் தந்தார். "நானும் மூணு வருசம் இந்த பெஞ்சுல உக்காந்தவன்தான். வராத ஆளுக்கும் ஒரு காரணம் இருக்கும். கேட்டு எழுது" என்றார்.

கேட்டு எழுதுகிறேன். மூன்று வியாழனாகக் கடிதம் இல்லை. சட்டை நன்றாக இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார்?

ஃபர்ஷீத்


ரஃப்ஸன்ஜான்
தேய் 10

என் ஃபர்ஷீத் ஜான், ஸலாம். நீ நலமாக இருக்கிறாய் அல்லவா? சாப்பிடுகிறாய் அல்லவா?

உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்ததற்கு மன்னித்துவிடு. எனக்கு உடம்பு சரியில்லை. ஆஸர் மாத நடுவில் ஒரு ஜலதோஷம் பிடித்தது, அப்படியொன்றை என் பிறவியில் பார்த்ததில்லை. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியவள் தும்ம ஆரம்பித்தேன், பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணுகிறார்கள். பதினைந்து. கடைசியில் நானே சிரித்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் தண்ணீர். தூக்கம் அறவே இல்லை, கால் இரண்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. விடிய விடிய முற்றத்தில் நடந்தேன். பிறகு ஸுக்ரா கானும் ஏதோ நாட்டு மருந்தைத் தேநீரில் கரைத்துக் கொடுத்தாள். வாய்தான் நீளமே தவிர நல்லவள். குடித்த அரைமணியில் எல்லாம் ஓடிப்போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

அப்பாவுக்குச் சளி போய்விட்டது. வலி ஏதுமில்லை. அமைதியாகத் தூங்குகிறார். உனக்கு துஆ சொல்லச் சொன்னார்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு நீ வந்துவிடுவாய். அதுவரை வேறு எதையும் நினைக்காதே.

உனக்காக உயிரையும் கொடுக்கும்
அக்கா


இல்லம்
தேய் 17

அக்கா, ஸலாம்.

அப்பா எப்போது இறந்தார்?

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன், பதினைந்து தும்மலுக்கு ஸபூரிடம் போய்ப் போட்டிக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கக்கா எத்தனை வருசமா எடுக்குறாங்க?" என்று கேட்டார். சட்டையைப் பிடித்துவிட்டேன். என் அக்கா டீச்சர், சிகரெட்டைத் தொடாதவள் என்று கத்தினேன். பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். தும்மல், கண்ணீர், சிலிர்ப்பு, தூக்கமின்மை. கால்.

அக்கா, நீ சொன்னபடி மெஹர் மாதத்திலேயே கணப்புச் சட்டி மாடிக்குப் போயிருந்தால் உனக்கு மெஹரிலேயே தும்மல் வந்திருக்க வேண்டும். ஆஸரில்தான் வந்தது. அப்படியானால் அதுவரை வீட்டில் புகை இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவுக்குக் கரி ஊதிக் கொடுத்தது நீ. பள்ளி நாளில் வந்து வீட்டில் போய்விடும் உன் தலைவலியும் அதுதான். ஆஸர் நடுவில் அந்தப் புகை நின்றுவிட்டது. அப்பா தானாகக் குழாயைக் கீழே வைக்கிற மனிதர் இல்லை. அவரை அதை வைக்கச் செய்வது ஒன்றே ஒன்றுதான்.

என் தகப்பன் செத்ததை என் அக்காவின் ஜலதோஷத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஜலீல் தடுக்கவில்லை. "கதவு பூட்டல. போறதுன்னா போ. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி அந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் எழுதிட்டுப் போ" என்றார். எழுத உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. நான் போகவில்லை.

நீ ஏன் மறைத்தாய் என்று புரிகிறது. ஏழாம் நாளுக்கு வந்திருந்தால் பின்கட்டில் என்ன இருந்திருக்கும், அங்கே நான் எத்தனை நிமிடம் தாங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியும். நீ செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அழுதேன். அவர் கையைப் பிடிக்கவில்லை, மண் போடவில்லை.

ஆனால் இப்போது எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருக்கிறது. ஸுக்ரா கானும் தேநீரில் கரைத்தது என்ன மருந்து என்று என்னிடம் சொல்ல வேண்டாம். ஒரு கொண்டைக்கடலை அளவு இருந்திருக்கும். அது ஒருநாளோடு நின்றதா?

ஒரே ஒரு வாரம் அந்தத் தேநீரைக் குடிக்காமல் இருந்து பார். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஊர் பார்க்க உன் காலில் விழுகிறேன்.

ஃபர்ஷீத்


ரஃப்ஸன்ஜான்
தேய் 25

ஃபர்ஷீத்,

ஆஸர் 12, செவ்வாய்க்கிழமை, விடிந்த நேரம். நெஞ்சுச் சளி நிமோனியாவாகிவிட்டது. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நாற்பதாம் நாளும் முடிந்தது. மறைத்தது நான் மட்டும் எடுத்த முடிவு. மறுபடி அப்படியொரு நிலை வந்தாலும் மறைப்பேன்.

கணப்பைப் பற்றிப் பொய் சொன்னேன். உண்மைதான். எழுபத்தாறு வயது நோயாளியைத் துடிக்க விடச் சொல்கிறாயா?

மற்றபடி நீ எழுதியிருப்பதை இன்னொருவர் எழுதியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். இருபத்துநாலு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். நாலு மாதம் சுத்தமாக இருந்தவுடன் உனக்கு உலகமே அபின்காரர்களாகத் தெரிகிறது. மஞ்சள் காமாலைக்காரன் கதைதான். அப்பனைப் பறிகொடுத்தவளுக்குத் தூக்கம் வராதா, கண்ணீர் வராதா? அதற்கும் உன் நோட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறாயா?

எனக்கு எழுதாதே.


இல்லம்
பஹ்மன் 2

அக்கா, ஸலாம். எழுதாதே என்றாய், எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே சொல் பேச்சுக் கேட்காதவன்தானே. இன்று பனி பெய்தது. உன் கால் எப்படி இருக்கிறது?
ஃபர்ஷீத்


இல்லம்
பஹ்மன் 16

அக்கா, ஸலாம். சமையல் பொறுப்பு எனக்கு. முப்பது பேருக்கு ஆஷ் கஞ்சி வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. தின்றுவிட்டு என்னை ஏசினார்கள். அப்பாவுக்காக அன்று ஒரு ஃபாத்திஹா ஓதினோம், சிகரெட் நாற்றம் பிடித்த முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். உன் கால் எப்படி இருக்கிறது?
ஃபர்ஷீத்


இல்லம்
பஹ்மன் 30

அக்கா, ஸலாம். ஸபூர் வீட்டுக்குப் போய்ப் பத்தே நாளில் மறுபடி எடுத்துவிட்டார். நேற்று அவர் தம்பி கொண்டுவந்து விட்டுப் போனான். மறுபடி முதல் நாளிலிருந்து தும்முகிறார், இந்த முறை யாரும் எண்ணவில்லை. எனக்கும் வெளியே வரப் பயமாக இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும், ஆனால் நீ இல்லை. உன் கால் எப்படி இருக்கிறது?
ஃபர்ஷீத்


ரஃப்ஸன்ஜான்
எஸ்ஃபந்த் 10

என் தம்பி ஃபர்ஷீதுக்கு ஸலாம். உன் உடம்பும் மனமும் தெளிவாக இருக்கட்டும்.

கால் நன்றாக இல்லை.

உன் ஒரு வாரப் பரீட்சையை மூன்று முறை எழுதினேன். உன் கடிதம் வந்த கோபத்தில், உன்னை என் காலில் விழவைக்க வேண்டும் என்றுதான் முதல் முறை ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஸுக்ரா கானும் வீட்டுக் கதவைத் தட்டினேன். அடுத்த முறையும் இரண்டு நாள். கடைசி முறை ஒன்றரை நாள். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்டவள் நான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வாய் கோணிப்போய்க் குழாயை இழுக்க வலு இல்லை. முதல் இழுப்பை நான் இழுத்துப் புகை வரவைத்து அவர் வாயில் வைப்பேன். மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒன்றரை வருடம். அது எனக்குத் தப்பாகவே படவில்லை, ஃபர்ஷீத். பிள்ளைக்குப் பால் சூடா என்று தாய் ருசி பார்ப்பது போலத்தான் நினைத்தேன். நான் சிகரெட்டைத் தொடாதவள் என்று உனக்கு எழுதிய அன்றும் இரண்டு வேளை இழுத்திருந்தேன், எழுதும்போது அது நினைவுக்குக்கூட வரவில்லை. இப்போது காலையில் தேநீரில் ஒரு கடலை அளவு, சாயங்காலம் ஒன்று. வகுப்பில் டிக்டேஷன் சொல்லிக்கொண்டே தூங்கிவிடுகிறேன். பிள்ளைகள் சிரிப்பதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஸுக்ரா கானும் மகளைப் பார்க்கக் கெர்மான் போய்விட்டாள். வீட்டில் ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குள் கால் என்னைக் கொன்றுவிட்டது. மாடி அறையைத் திறந்தேன். அப்பா போன மறுநாள் நிஜமாகவே கட்டி வைத்த மூட்டை அங்கே இருந்தது. அதைப் பிரித்து, குழாயை எடுத்து, ஒரு பிள்ளையின் டிக்டேஷன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து விரித்துச் சுரண்ட ஆரம்பித்தேன். பாதியில்தான் கையைப் பார்த்தேன். என் தலையிலிருந்து எடுத்த கொண்டை ஊசி.

உன்னை அடித்தது நினைவுக்கு வந்தது. 'பிச்சைக்காரன்கூட இதைச் செய்யமாட்டான்' என்று என் வாயே எனக்குச் சொல்லிற்று. யாரும் அறையவில்லை, என் இடது காது ஙொய்யென்று கத்தியது. சுரண்டியதை என்ன செய்தாய் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். தின்றேன்.

அன்று பதினாறு வயதுப் பையனை அடிப்பதற்குப் பதிலாகக் குழாயை உடைத்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. உன் நோட்டில் எனக்கு ஒரு பக்கம் இருப்பது போல, என் நோட்டில் முதல் பக்கம் நீ.

மறுநாள் ஜலீலுக்குப் போன் செய்தேன். கெர்மானுக்கு அருகில் பெண்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறதாம். நாளை மறுநாள் போகிறேன். நானே பஸ்ஸில் போய்க்கொள்வேன், என்னை ஏற்றிவிடச் சித்தப்பா மகன்கள் தேவையில்லை. பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம். அங்கேயும் கைபேசி கூடாது, செவ்வாய்க்கிழமைக் கடிதம் மட்டும்.

குழாயின் பீங்கான் தலையை முற்றத்துக் கல்லில் உடைத்தேன். கணப்புச் சட்டியைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போய்விட்டான். இந்த முறை பொய்யில்லை. சாவி அரிசிக்காரர் கடையில் இருக்கிறது. நீ வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்பா போன முதல் நவ்ரூஸ், துக்கம் கேட்க எல்லாரும் வருவார்கள். என்னைக் கேட்பார்கள். உனக்காக ஆறு மாதம் பொய் சொன்னேன். எனக்காக நீ சொல்ல வேண்டாம்.

பிழைகள் இருந்தால் திருத்து. 
தூரான்


ரஃப்ஸன்ஜான்
ஃபர்வர்தீன் 4

என் அக்காவுக்கு, உன் தம்பி ஃபர்ஷீதின் ஸலாம். புத்தாண்டு உனக்கு நல்லதாக விடியட்டும். தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் படிக்கக் கஷ்டமாக இருந்தது.

வருடத்தின் கடைசி வியாழன் அன்று கல்லறைக்குப் போனேன். கல்லில் தேதியைப் பார்த்தேன். ஆஸர் 12. அன்று நான் இல்லத்தில் என்ன செய்தேன் என்று யோசித்தேன். வெங்காயம் உரித்தேன் என்று நினைக்கிறேன். ரோஜாத் தண்ணீர் விட்டுக் கல்லைக் கழுவினேன். அப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று போனவன், போர்வையைச் சரியாகப் போட்டுக்கொண்டீர்களா என்று அவரிடம் கேட்டுவிட்டு வந்தேன்.

நேற்று எல்லாரும் வந்தார்கள். அப்பாவின் சிநேகிதர் ஹாஜி மன்சூர் உட்கார்ந்ததும், "தம்பி, உங்கப்பா ஆத்மா சாந்தியடையட்டும். எங்க அந்தக் கணப்பு? அவர் ஞாபகமா ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போறோம்" என்றார். "இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான், ஹாஜி" என்றேன். "துக்க வீட்டுல இதுகூட இல்லியா? உங்கப்பா இருந்தா இப்படி விடுவாரா?" என்றார். எழுந்து தெருவுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. "தேநீர் இருக்கு ஹாஜி, வெறும் தேநீர்" என்று ஊற்றிக் கொடுத்தேன். பாதி தட்டில் கொட்டியது. அவர் குடிக்காமலே போனார்.

ஸுக்ரா கானும்தான் உன்னைக் கேட்டாள். "டீச்சர் எங்க? பத்து நாளா வீடு பூட்டியே இருந்துச்சே."

"பந்தர் அப்பாஸுக்கு லாரி ஓட்டிட்டுப் போயிருக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு உண்மையைச் சொன்னேன், உன் பெயரையும் இடத்தையும் சொன்னேன். நான் ஆறு மாதம் எங்கே இருந்தேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். நாளை தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஸுக்ரா கானும் மட்டும் போகவில்லை. காலி டம்ளர்களை அடுக்கிக் கொடுத்தாள். கொட்டாவியை முக்காட்டில் மறைத்தாள், நான் நான்கு வரை எண்ணினேன். பிறகு வாசல்படியில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த இடத்து விலாசம் இருக்கா? தெரிஞ்ச ஒருத்திக்குத்தான் கேக்குறேன்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். உன் பக்கம் வந்தால் திட்டாதே, அக்கா.

எல்லாரும் போன பிறகு வீடு பெரிதாக இருக்கிறது. மாடி அறைப் பக்கம் நான் போவதில்லை. தினமும் சாயங்காலம் இங்கே என்னைப் போல் போதையை விட்டவர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இன்றைய நாளைத் தாண்டிவிட்டேன், நாளையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

சாப்பாட்டு விரிப்பில் உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன். உன் இடம் காலியாக இருக்கிறது. மூன்று மாதமும் காலியாகவே இருக்கட்டும். அவசரப்பட்டு வந்துவிடாதே.

உன் தம்பி
ஃபர்ஷீத்